இருபத்தேழாம் எண் வீட்டின் தமிழ்ப் பலகை

மார்ச் 4, திங்கள்

அரிசிப் பானையில் எறும்பு. முறத்தில் கொட்டி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தபோது மிஸ்டர் ஃபாம் வந்தார். ஊர் ஹக்கா சீனர் சங்கத்தின் தலைவர். முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர் என்பதால் இந்த ஊரில் எல்லோரைப் பற்றியும் தேவைக்கு அதிகமாகத் தெரிந்தவர். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள். தமிழில் அதற்கு வேறு பொருள் என்பது அவருக்குத் தெரியாது. பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பதால் நானும் சொன்னதில்லை.

"சிக்கு, நம்முடைய தெருவைப் பாரம்பரியத் தெரு ஆக்கப் போகிறோம். மே மாதம் திறப்பு விழா. வீட்டுக்கு ஒரு பலகை, நான்கு மொழியில். தமிழைக் கம்ப்யூட்டர் எழுதிவிட்டது. நீங்கள் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

அவர் சொல்வது லம்பத் தெரு. எங்கள் புக்கிட் செலாசியில் லம்பங்கள் என்று நாங்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில், தோண்ட வந்த ஹக்கா சீனர்கள் கட்டிய தெரு. வீடுகளுக்கு நூற்று முப்பது வயது. அவர்கள் 'லாவ் காய்', பழைய தெரு, என்கிறார்கள். தமிழர்களுக்கு அது லம்பத் தெரு.

அவர் போனபின் முதல் தாளை எடுத்தேன். "இவ்வீட்டில் ஐந்து தலைமுறை மூதாதையரின் மாத்திரைகள் பாதுகாக்கப்படுகின்றன. தயவுசெய்து தொட வேண்டாம்."

முன்னோர் பெயர் பொறித்த மரப்பலகையைக் கம்ப்யூட்டர் மாத்திரையாக்கிவிட்டது. தொட்டால்கூடப் பரவாயில்லை, யாராவது விழுங்கிவிடப் போகிறார்கள். சிவப்புப் பேனாவைத் தேடினேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் மை காயவில்லை.

மார்ச் 6, புதன்

பதினான்கு தாள்கள் முடிந்தன. சுரங்கத்து ஈயத்தைத் 'தகரம்' என்கிறது. கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையான அஞ்சடியை 'ஐந்து பாத வழி' என்கிறது. ஒரு வீட்டைப் பற்றி 'இவ்வீடு மிகவும் அனுபவித்துள்ளது' என்று எழுதியிருக்கிறது. அதை மட்டும் திருத்தாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது.

சில விவரங்களை நேரில் பார்க்க வேண்டும். லம்பத் தெருவுக்குப் போய் எத்தனையோ வருடமாகிறது. காரணம் எதுவும் இல்லை. காய்கறிக்கு வேறு கடை இருக்கிறது.

மார்ச் 9, சனி

போனேன். நேராகச் சங்கிலிமுத்துவின் பட்டறைக்குத்தான் போனேன். தெருமுனையில் நாற்பது வருடமாக மோட்டார், சைக்கிள் பழுது பார்க்கிறான். இந்தத் தெருவிலேயே வளர்ந்து, என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவன். நான் தலைமையாசிரியை ஆனதிலிருந்து 'டீச்சர்' என்கிறான்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்? என்னா இந்தப் பக்கம்?"

பலகை விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் கையில் கேமராவோடு ஒரு பெண் ஓடி வந்து என்னிடம் சீனத்தில் மளமளவென்று பேசினாள். கோலாலம்பூரிலிருந்து விழா ஏற்பாட்டுக்கு வந்திருக்கும் யீ லின். நான் மலாயில், "எனக்குச் சீனம் தெரியாதம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. சங்கிலி குனிந்தபடியே ஹக்காவில் ஏதோ பதில் சொன்னான். அவள் அதையும் நம்பவில்லை. அவள் கண்ணுக்கு ஒரு தமிழன் ஹக்கா பேசுகிறான், ஒரு சீனக்காரி தமிழ் பேசுகிறாள். பாவம், நகரத்துப் பெண்.

என் முகம் சீன முகம். அறுபத்தாறு வருடமாக இதோடுதான் இருக்கிறேன் என்பதால் எனக்கு மறந்துபோகும். பார்ப்பவர்களுக்கு மறப்பதில்லை. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் அதிகமாகிவிட்ட சீன வீடுகளிலிருந்து தமிழ் வீடுகளுக்குக் குழந்தைகள் வந்தன. இந்த நாட்டில் இது யாருக்கும் புதிதல்ல. நானும் அப்படி வந்தவள். டவுன்போர்டு என்ற நகராட்சியில் சாக்கடை வெட்டிய குப்பையனுக்கும் அஞ்சலைக்கும் மகள். லம்பத் தெருவின் பின்னால், ஒரு சந்து தள்ளி, டவுன்போர்டு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தேன்.

எங்கிருந்து வந்தேன் என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "பின்சந்து வழியா வந்தே" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போய்ப் பதினொரு வருடமாகிறது. அந்தச் சந்தில் இருபத்திரண்டு வீடுகளின் பின்வாசல்கள் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்ததில்லை. மிஸ்டர் ஃபாமின் பட்டியலில் இருக்கிறது.

மார்ச் 16, சனி

அஞ்சடியின் அகலத்தைச் சரிபார்க்க மறுபடி போக வேண்டியதாயிற்று.

யீ லின் ஒரு பழைய புகைப்படம் காட்டினாள். இருபத்தேழாம் எண் வீட்டுக்காரி, ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறாள். கையில் டூலாங். ஈயம் அலசும் பெரிய மரத்தட்டு. தலையில் கறுப்புத் துணி தொங்கும் ஓலைத் தொப்பி. இப்படி ஆற்றில் இறங்கி ஈயம் அலசியவர்கள் பெரும்பாலும் ஹக்காப் பெண்கள்தான். 'அன்றும் இன்றும்' என்று ஒரு பெரிய பதாகை செய்யப் போகிறார்களாம். அன்றைக்கு இந்தப் படம். இன்றைக்கு அவளுடைய மூத்த மகள் மேடம் வூன் நிற்க வேண்டும். அவர் முட்டி வலி என்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

"ஆன்ட்டி, நீங்கள் நிற்கிறீர்களா? ஜாடை நன்றாகப் பொருந்துகிறது" என்றாள் யீ லின்.

மறுத்தேன். இரண்டாம் முறையும் மறுத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் மூன்றாம் முறை ஒப்புக்கொண்டேன். தொப்பியை மாட்டி டூலாங்கைக் கையில் கொடுத்தாள். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

சங்கிலி பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், அந்தத் தொப்பிய கழட்டிடுங்க."

"ஏன்?"

"வெயிலு."

வெயிலுக்குத்தான் தொப்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் உள்ளே போய்விட்டான்.

மார்ச் 23, சனி

திரைச்சீலை துவைத்தேன். முட்டி வலி.

ஏப்ரல் 4, வியாழன்

சீனர்கள் கல்லறைக்குப் போகும் நாள். ஊர் முழுக்கக் கார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சங்கிலியின் பட்டறைக்குப் போயிருந்தேன். தற்செயலாக இருபத்தேழாம் எண் வீடு அங்கிருந்து நன்றாகத் தெரியும். சகோதரிகள் ஆறு பேராம். ஐந்து பேர் வெளியூர்களிலிருந்து வந்து இறங்கினார்கள், பிள்ளைகள், மருமகன்கள், பொரித்த பன்றி, ஆரஞ்சுப் பழம். சகோதரிகள் எல்லோரும் என்னளவு குள்ளம். எல்லோருக்கும் நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சைக்கிள் என் பேரனுடையது. அவன் ஜொகூரில் இருக்கிறான். ஆனாலும் காற்று இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 6, சனி

சங்கத்தில் கூட்டம். அதுவரை திருத்திய தாள்களை ஒப்படைக்கப் போனவளை உட்காரச் சொன்னார்கள். மாநில ஹக்கா சம்மேளனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். சுவரில் பதாகை. அந்தப் பக்கம் அந்தப் பெண், இந்தப் பக்கம் நான்.

டைக்காரர் வெகு நேரம் பார்த்தார். "அருமை. இவர் எந்தக் குடும்பம்?" என்றார். நாற்காலிகளைச் சரிசெய்ய வந்திருந்த சங்கிலி எனக்குக் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

"இவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை" என்றார் மிஸ்டர் ஃபாம்.

"ஹக்கா பேசுவாரா?"

"இல்லை."

"அப்படியானால் எந்த வீட்டுப் பெண் என்றாவது சொல்ல வேண்டுமே. சும்மா ஒருவரைப் பிடித்து ஹக்கா என்று தொங்கவிட முடியாது. பத்திரிகைக்காரன் கேட்பான்."

மேஜையைச் சுற்றி ஏழு கிழவர்கள். எல்லோரும் அந்தத் தெருவிலேயே பிறந்தவர்கள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேநீர் தேவைப்பட்டது. காதோரம் வந்துகொண்டிருந்த தமிழும் நின்றுவிட்டது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பதாகையைக் கழற்றுவதென்று முடிவானது. யீ லின் விடவில்லை. "அந்த அங்கிளை நிறுத்தலாமே, அவர் பேசும் ஹக்கா எங்கள் வீட்டில்கூட யாரும் பேசுவதில்லை" என்று மலாயில் சொல்லிச் சங்கிலியைக் காட்டினாள். டைக்காரர் சிரித்தார். மொழி இருப்பவனுக்கு முகம் இல்லை. முகம் இருப்பவளுக்கு மொழி இல்லை. பாரம்பரியத்துக்கு இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டுமாம்.

வெளியே வந்ததும் சங்கிலியைக் கேட்டேன். "அவர்கள் ஏன் விசிறியைப் பார்த்தார்கள்?"

"விசிறி சத்தம் போடுது டீச்சர். எண்ணெய் விடணும்."

ஏப்ரல் 10, புதன்

ஹரி ராயா பெருநாள். பக்கத்து வீட்டு ரொக்கையா மூங்கிலில் வெந்த லெமாங் சோறு கொடுத்தனுப்பினார். பசி இல்லை. ஆனாலும் இரண்டு துண்டு.

ஏப்ரல் 13, சனி

சங்கிலி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"சியூ லான் அக்கா உங்கள கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"யார் அது?"

"மேடம் வூன். இருவத்தேழு. நாளைக்குக் காலைல. முன்வாசல் வழியா வரணும்னு சொன்னாங்க."

எல்லா வீட்டுக்கும் முன்வாசல் வழியாகத்தானே போவேன் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

அந்த வீட்டின் பலகைத் தாள் இன்னும் என்னிடம் வரவில்லை. கதவு எந்த மரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. கோயிலுக்குக் கட்டிய புடவையோடு அப்படியே போனேன்.

கதவு செங்கால் மரம். வாசற்படி உயரம். உள்ளே சிவப்பு விளக்கெரியும் பூசை மாடம். மேலே அந்த ஆற்றுப் பெண்ணின் வயதான படம். மேடம் வூனுக்கு எழுபத்தைந்து இருக்கும். முட்டியில் துணிப்பட்டி. என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை, கைகளை நாற்காலியிலேயே வைத்துக்கொண்டார். சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதோடு இருவருக்கும் மலாய் தீர்ந்துபோயிற்று.

பிறகு ஹக்காவில் பேசினார். ஐந்து நிமிடம் நிறுத்தவே இல்லை. நான் சங்கிலியைப் பார்த்தேன்.

"வாங்கன்னு சொல்றாங்க" என்றான்.

"ஐந்து நிமிடமாகவா?"

"ஹக்கா கொஞ்சம் நீட்டிப் பேசுற பாஷை டீச்சர்."

"சங்கிலி, நான் முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவள்."

அவன் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"அவங்க அம்மாவுக்கு ஏழாவதும் பொண்ணு. அப்பா லம்பத்துல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு, புள்ள அப்ப வயித்துல. அம்மா டூலாங்கத் தூக்கிட்டு ஆத்துல எறங்கினாத்தான் வீட்ல சோறு. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எறங்க முடியல. அதே வாரத்துல அஞ்சலை அத்தைக்குப் பொறந்த புள்ள தங்கல. பால் கட்டிக்கிட்டு அவங்க லயத்துல அழுவுறது இந்த அடுப்படிக்குக் கேக்குமாம். இந்தப் புள்ள பசியில அழுவுறது அங்க கேக்குமாம். மூணு நாளு ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நாலாம் நாளு அம்மா புள்ளைய இவங்க கையில குடுத்து, கொண்டு போன்னு சொன்னாங்களாம். இவங்களுக்கு அப்ப ஒம்போது வயசு. சந்தத் தாண்ட இருபது எட்டு வச்சாங்களாம். எண்ணுனாங்களாம்."

மேடம் வூன் தன் இரண்டு கைகளையும் மடித்து, எப்படித் தூக்கிப் போனார் என்று காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேள்" என்றேன். குரலைச் சாதாரணமாகத்தான் வைத்திருந்தேன்.

"அஞ்சலை அத்தை ஒண்ணே ஒண்ணு கேட்டாங்களாம். புள்ளைக்கு ரெண்டு வாசல் வேணாம், ஒண்ணு போதும். யாரும் கூப்பிடக் கூடாது, யாரும் சொல்லக் கூடாது. இவங்க அம்மா சரின்னுட்டாங்க. அதோட தெருவுல வீடு வீடாப் போயி எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிட்டாங்க."

"எல்லார்கிட்டயுமா?"

"எங்கம்மாகிட்டயும்."

"உன்கிட்ட?"

"நானும் அப்ப கைப்புள்ளதானே டீச்சர். அப்புறமா வாங்குனாங்க."

அறுபது வருடம் என் பக்கத்து பெஞ்சிலும் பட்டறையிலும் இருந்துகொண்டு இரண்டு மொழியில் வாயை மூடியிருந்தவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தபால்கார ஃபாமையும் விசிறி பார்த்த ஏழு பேரையும் நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் குடிநீர்க் குழாய் வெடித்தால்கூட நான்கு விதமாகப் பேசுவார்கள்.

மேடம் வூன் மறுபடி பேசினார். அஞ்சலை இறந்தபோது அந்த வாக்கு முடிந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லையாம். கேட்க ஆள் இல்லை. பதினொரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாராம். போன மாதம் நான் அவர் அம்மாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு இந்த வாசலுக்கு எதிரே நின்றபோது, நான்தான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டாராம்.

"அந்தத் தொப்பியை யீ லின்தான் மாட்டினாள் என்று சொல்" என்றேன்.

சங்கிலி சொன்னான். மேடம் வூன் என்னையே பார்த்தார். நம்பவில்லை.

தேநீர் வந்தது. நன்றாக இருந்தது. என்ன இலை என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

துணி துவைத்தேன். அழுக்கில்லாததையும்.

ஏப்ரல் 17, புதன்

மகள் கயல்விழி தொலைபேசியில் அழைத்தாள். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மழை, காய்ச்சல், பேரனின் பரீட்சை எல்லாம் பேசிவிட்டு வைக்கப் போகும்போது சொல்லிவிட்டேன்.

"அம்மா, எச்சில் எடுத்து ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்" என்றாள்.

"இருபது எட்டு என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன டெஸ்ட்" என்றேன்.

அவள் டெஸ்ட் பேச்சை விட்டாள். பிறகு, "அஞ்சலை பாட்டிக்குக் கோவம் வருமாம்மா?" என்று கேட்டாள். அதைத்தான் நான் மூன்று நாளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா கேட்டது ஒரு வாசல். எனக்கு ஒரு குறையும் வராமல் அந்த ஒரு வாசலிலேயே வளர்த்தார். பள்ளியில் ஒரு பெண் 'சீனச்சி' என்றதற்கு, அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று தெரு கூடும்வரை சண்டை போட்டவர். அவருக்குக் கோபம் வரும். அப்புறம் ஆறும். அவர் கோபம் அப்படித்தான்.

ஏப்ரல் 20, சனி

கடைசிக் கட்டில் இருபத்தேழாம் எண் பலகை வந்தது. "இது வூன் குடும்பத்தின் இல்லம். கணவரை இழந்த வூன் அம்மையார் ஆற்றில் ஈயம் அலசி ஆறு பெண் பிள்ளைகளை வளர்த்தார்."

மிஸ்டர் ஃபாமின் வீட்டுக்கே போனேன்.

"ஆறு என்பது தவறு. அந்த அம்மாவுக்கு ஏழு" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், முப்பது வருடத் தபாலும் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. மெல்ல, "சியூ லான் சொல்லிவிட்டாரா?" என்றார்.

"சொல்லிவிட்டார்."

"சந்தோஷம், சிக்கு. உண்மையாகவே சந்தோஷம். ஆனால் பலகையில் வேண்டாம். பிள்ளையைக் கொடுத்தது, வாங்கியது எல்லாம் பாரம்பரியம் இல்லை. வருகிறவர்கள் விளக்கைப் பார்க்க வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், சிரித்துக்கொண்டு போக வேண்டும். சம்மேளனமும் நகராட்சியும் மூன்று மொழிக்கும் கையெழுத்துப் போட்டு அச்சுக்குப் போய்விட்டது."

"மூன்றா?"

"தமிழ் மட்டும்தான் பாக்கி. அது உங்களிடம் இருக்கிறது."

"கொடுத்தது என்று எழுத வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும்."

"ஆறு என்றே இருக்கட்டும், சிக்கு. ஆறுதான் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது."

அவர் கெட்டவர் இல்லை. கிளம்பும்போது கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 22, திங்கள்

பலகை எண் 27, தமிழ்: சரிபார்த்து அனுப்பினேன்.

மே 18, சனி

திறப்பு விழா. தெரு முழுக்கச் சிவப்பு விளக்குகள். சிங்க நடனம் முடிந்து, கத்தரிக்கோலோடு ஒரு பிரமுகர் இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். மேடம் வூன் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஈப்போவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. பத்து வயதுப் பெண் பலகை பலகையாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். நல்ல உச்சரிப்பு. எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் இருபத்தேழின் முன்னால் நின்றாள்.

"கணவரை இழந்த வூன் அம்மையார் ஆற்றில் ஈயம் அலசினார். அவருக்கு ஏழு பெண் பிள்ளைகள். அறுவர் இவ்வீட்டிலும் ஒருவர் பின்சந்துக்கு அப்பால் அஞ்சலை அம்மாள் வீட்டிலும் வளர்ந்தனர்."

அவள் அப்பா ஆங்கிலத்தைப் பார்த்தார். மலாயைப் பார்த்தார். தவறு கண்டுபிடித்தால் சொல்லாமல் போக முடியாத ரகம் போலிருக்கிறது. நேரே மிஸ்டர் ஃபாமிடம் போய், தமிழில் ஏழு என்றும் மற்றதில் ஆறு என்றும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டார். பிரமுகர் கத்தரிக்கோலைத் தாழ்த்தினார்.

மிஸ்டர் ஃபாம் என்னிடம் வந்தார். வியர்வை.

"சிக்கு, தமிழில் ஏதோ பிழையாம்."

"தமிழில் பிழை இல்லை. நானே சரிபார்த்தேன்."

டைக்காரர் வந்துவிட்டார். அந்தப் பலகையை இப்போதைக்குத் துணி போட்டு மூடலாம் என்றார். யாரோ மேஜை விரிப்பைத் தேடிப் போனார்கள்.  ஒளிக்கவில்லை, எழுதி வைக்கிறேன். அறுபத்தாறு வயதில் ஒரு மேஜை விரிப்புக்குப் பயந்தேன்.

மேடம் வூன் சங்கிலியைக் கூப்பிட்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். அவன் பலகையில் இருந்த தமிழை ஹக்காவில் சொன்னான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லோரையும் பார்த்துப் பேசினார், உயர்த்தாத குரலில். தெருவில் பிறந்த ஏழு கிழவர்களும் முன்வரிசையில் நின்றார்கள். அண்ணாந்து பார்க்க வானம்தான் இருந்தது. ஒருவர் பார்த்தும் பார்த்தார். பிறகு அவரே முதலில் தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

இந்த முறை சங்கிலி ஒரு வார்த்தையும் விடவில்லை. "எங்கம்மாவுக்கு ஏழு. ஏழாவத நான்தான் தூக்கிட்டுப் போனேன். கேக்காம இருந்ததால சொல்லாம இருந்தோம், ஏழாவது இல்லாம இல்ல. இந்தத் தெரு ஒரு பொம்பளைக்குக் குடுத்த வாக்க இத்தன வருஷம் காப்பாத்துச்சு, அத விட்டுட்டு வெளக்கப் பத்தி எழுதியிருக்கீங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க சேந்து மூணு பாஷையில தப்பா எழுதியிருக்கீங்க. தமிழ் மட்டும் சரியா இருக்கு. அப்படிச் சொல்றாங்க டீச்சர்."

பிரமுகர் ஒன்றும் புரியாமல் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நாடா வெட்டப்பட்டது. மேஜை விரிப்பு மேஜைக்கே போயிற்று.

மே 25, சனி

மூன்று மொழிக்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஆறின் மேல் ஏழை ஒட்டிக்கொண்டிருந்தார் மிஸ்டர் ஃபாம். சீனத்தில் கொஞ்சம் கோணல்.

"முன்பே சொல்லியிருக்கலாமே, சிக்கு" என்றார்.

"சொன்னேனே."

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

டைக்காரர் கடிதம் போட்டிருக்கிறாராம். பலகை 27 மாநிலத்துக்கே முன்மாதிரி, இந்த யோசனை சம்மேளனத்துடையது என்று.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் சங்கிலியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து மேடம் வூன் என் வீட்டுக்கு வந்தார். கையில் தூக்குப் பாத்திரம். சேனையும் பன்றி இறைச்சியும். நான் பன்றி சாப்பிடுவதில்லை என்று சங்கிலிக்குத் தெரியும், சொல்லவில்லை. அவரை இறக்கிவிட்டு, தனக்குப் பட்டறையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.

எங்கள் இருவருக்கும் சேர்த்து இருநூறு மலாய்ச் சொற்கள் இருக்கும், அவருடைய சந்தை மலாயைக் கணக்கில் வைத்தால். போதுமானதாக இருந்தது.

சமையலறையைப் பார்த்தார். அடுப்பு சுத்தமாக இல்லை என்றார். அம்மா படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை, அது ஹக்காவில். பிறகு உட்கார்ந்து, என் பிறந்தநாள் எப்போது என்று கேட்டார்.

"ஜனவரி ஒன்று, ஐம்பத்தெட்டு" என்றேன். அடையாள அட்டையில் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் ஜனவரி ஒன்றுதான் போடுவார்கள்.

"இல்லை" என்றார். நிலாப் பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்து. சேவல் வருடம். நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து நாள்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட் முப்பத்தொன்றிலிருந்து விரல் விட்டுக் கூட்டினேன். செப்டம்பர் பத்து. நான் அரசாங்கத்துக்கு ஏறக்குறைய நான்கு மாதம் கூடுதலாக உழைத்திருக்கிறேன். கல்வி இலாகாவுக்கு எழுதலாமா என்று யோசித்தேன்.

"நீங்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள் இருந்ததே தெரிந்தது.

அவர் தலையை ஆட்டினார். பெயர் இல்லை. அங்கே இருந்த பன்னிரண்டு நாளும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கொடுக்கக் கை வராது என்று அம்மா சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எனக்குப் பெயர் இருக்கிறது" என்றேன். "பூங்காவனம்."

தெருவில் எல்லோரும் டீச்சர், சிக்கு என்பதால் அவர் இத்தனை காலமும் அந்தப் பெயரைக் கேட்டதில்லையாம். சொல்லிப் பார்த்தார். "புங்." நிறுத்தினார். "புங் கா." மறுபடி. "புங் கா வாங்." உதட்டைக் குவித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பின் முதல் நாள் பிள்ளையைப் போல என் வாயையே பார்த்தார். நான் மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். நான்காம் முறை ஏறக்குறைய முழுவதும் வந்தது. ஆனால் னகரம் சரியில்லை. குறில் நெடில் சரியில்லை. கடைசி எழுத்து வரவே இல்லை.

சரி என்றேன். மிகச் சரி.

முப்பத்தைந்து வருட வேலையில் இப்படி மதிப்பெண் போட்டது இதுதான் முதல் தடவை.